மகனுக்குத் தெரியாமல் படிப்பது

அன்புள்ள ஐயா,

எனக்கு 41 வயது. அப்பா இறந்ததால் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வோடு என் படிப்பு நின்றது. இப்போது வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். விட்ட படிப்பை முடிக்க ஆசை. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுவதா, என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதுவதா, இல்லை நேரே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படித்துவிடலாமா? இந்த வயதில் மனப்பாடம் ஏறாது என்கிறார்கள். என் மகனும் இப்போது பத்தாம் வகுப்பு. அவனுக்குத் தெரிந்தால் வெட்கம் என்பதால், அவன் தூங்கிய பிறகு அவனுடைய புத்தகங்களை எடுத்துப் படிக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

கேட்டவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நேரே பட்டம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்காமல் வாங்கிய திறந்தநிலைப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று தமிழக அரசு 2009இலேயே ஆணையிட்டுவிட்டது. அதை எதிர்த்து நீதிமன்றம்வரை போனவர்கள் உண்டு. தனித்தேர்வர் என்றால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்து வகுப்புக்கும் போக வேண்டும். திறந்தநிலைப் பள்ளியில் ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குள் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். தையலுக்கு நடுவே படிக்கிற உங்களுக்கு அதுவே தோதானது. மனப்பாடத்தைப் பற்றிப் பேசுகிறவர்களிடம், ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018இல், 96 வயதில், கேரள எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கியதைச் சொல்லுங்கள்.

என்னை உறங்கவிடாதது உங்கள் கடைசி வரி.

1991இல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் ஊர் ஊராக நடந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் பழகினார்கள். நாற்று நட்டுவிட்டு வந்த அம்மா, நகக்கண்ணில் சேறு போகாத விரல்களோடு, அரிக்கேன் விளக்கடியில் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். தன் பெயரில் வரும் ழகரத்தின் கீழ்ச்சுழி மட்டும் அவளுக்கு வளையவே இல்லை. ஆறாம் வகுப்பில் இருந்த நான் ஒருநாள் எட்டிப் பார்த்து, "என்னம்மா, கோழி கிளறுன மாதிரி இருக்கு" என்று உரக்கச் சிரித்தேன். கூட நின்ற பையன்களும் சிரித்தார்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் முந்தானை நுனியை எச்சிலில் தொட்டுச் சிலேட்டை அழித்தாள்.

அவள் படிப்பை நிறுத்தவில்லை. ஆனால் என் காலடிச் சத்தம் கேட்டாலே சிலேட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விடும். பல வருடங்கள் கழித்து வங்கியில் அவளுக்குத் துணையாக நின்றபோதும், நான் பார்த்துவிடாதபடி இடக்கையால் மறைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டாள். அந்த ழகரம் கடைசியில் வளைந்ததா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது கேட்க அவள் இல்லை.

இதனால்தான் உங்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. என் அம்மாவுக்காவது அந்தக் கூச்சம் நான் கொடுத்தது. உங்கள் மகன் என்ன செய்தான்? இன்னும் சிரிக்காத பிள்ளையின் தலையில் சிரித்த பழியை நீங்களே ஏற்றி வைக்கிறீர்கள். அம்மா ஒளித்து வைப்பதைப் பார்க்கிற பிள்ளை, அது ஒளிக்க வேண்டிய காரியம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு வளர்ந்த மனுஷி ஓர் எழுத்துக்காக எத்தனை இரவு போராடினாள் என்பதை அருகில் இருந்து பார்க்கும் வாய்ப்பை, அந்த ஒரு சிரிப்பால் நான் இழந்தேன். உங்கள் மகனுக்கு அதைக் கேட்காமலே மறுக்கிறீர்கள். உங்களுக்கு இயற்கணிதம் புரியவில்லை என்றால், அதை நேற்றுதான் வகுப்பில் கேட்டுவிட்டு வந்த ஒருவன் அடுத்த பாயில் படுத்திருக்கிறான். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவனுக்கே அந்தக் கணக்கு தெளியும்.

இன்று இரவு அவன் தூங்குவதற்குக் காத்திருக்காதீர்கள். கணக்குப் புத்தகத்தை அவன் கையிலிருந்தே கேட்டு வாங்குங்கள். சிரித்தானென்றால் எனக்கு எழுதுங்கள். அவனுக்கு நானே ஒரு கடிதம் எழுதுகிறேன்.