25 வருடப் பழைய ஜப்பானிய ஆர்பிஜி (கதாபாத்திரமாக மாறி ஆடும் வீடியோ கேம்) ஒன்றை இப்போது புதிதாகத் தொடங்கலாமா? பொறுமையைச் சோதிக்குமா?

சோதிக்கும், நன்றாகவே சோதிக்கும். இருந்தாலும் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். நான் இரண்டு தடவை முழுதாக முடித்த ஃபைனல் ஃபேண்டசி 9-ஐ வைத்துப் பேசுகிறேன். 2000 ஜூலையில் ஜப்பானிலும் அதே வருடம் நவம்பரில் அமெரிக்காவிலும் முதல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. மொத்தம் நான்கு டிஸ்க். கல்லூரி நாட்களில் அறைத்தோழனின் பழைய பிளேஸ்டேஷனில் ஒரு தடவை முடித்தேன். 2016-ல் மொபைலுக்கும் கணினிக்கும் மறுபடி வந்த பிறகு இரண்டாம் தடவை.

முதல் எரிச்சல், சண்டை தொடங்கும் விதம். காட்டுவழியே நடந்துகொண்டிருப்பீர்கள், எதிரே யாரும் தெரியாது. திடீரென்று திரை சுழலும். களம் லோட் ஆகும். கேமரா எதிரிகளையும் நம் ஆட்களையும் சாவகாசமாக ஒரு வலம் வரும். அதன் பிறகுதான் கட்டளைப் பட்டியல் நம் கைக்கு வரும். பழைய பிளேஸ்டேஷனில் இதற்கே பத்துப் பதினைந்து விநாடி போய்விடும். முடித்துவிட்டு நாலு எட்டு வைப்பதற்குள் அடுத்த சண்டை. குகையின் மூலையில் தெரியும் ஒரு பெட்டியைத் திறக்கக் கிளம்பி, வழியில் இரண்டு மூன்று சண்டை போட்டால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதே மறந்துவிடும்.

களத்துக்குள் வேறு தொல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு ஏடிபி பட்டை உண்டு, அது நிரம்பினால்தான் அவர் முறை. ஏழாம், எட்டாம் பாகங்களில் மூன்று பேர் குழு. இதில் நான்கு பேர். எல்லாருடைய செயலும் வரிசையில் நிற்கும், ஒவ்வொன்றின் அனிமேஷனும் முழுதாக ஓடி முடிய வேண்டும். குழுவில் உள்ள கார்னெட்டை, விவிமேல் க்யூர் என்ற உயிரேற்றும் மந்திரத்தைப் போடச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். ஒரு எதிரியின் மந்திரம் ஓடும். நம் குழுவின் ஸ்டைனர் வாளைத் தூக்கிக்கொண்டு போய் வெட்டிவிட்டு வருவார். இன்னொரு எதிரி விவியை அடித்துச் சாய்த்துவிடும். அப்புறம் க்யூர் வரும், விழுந்து கிடக்கிற விவிமேல்.

பல மணி நேரம் ஆடிய பிறகு ஒன்று புரிந்தது: அனிமேஷன் ஓடும் நேரத்திலும், உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் ரீஜென் நிற்காமல் வேலை செய்கிறது. ஆட்டோ-ரீஜென் போட்டுக்கொண்டு நீளமான சம்மன் (உதவிக்கு அழைக்கும் மாய உயிர்) ஒன்றை அழைத்தால், அது வந்து ஆடி முடிப்பதற்குள் குழுவின் உயிர் கணிசமாக ஏறிவிடும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்த காட்சிகளை அன்றிலிருந்து நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். இப்படி ஒன்றை நாமாகக் கண்டுபிடிக்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே இந்த வகை விளையாட்டுகளை விட முடியவில்லை.

அதற்கு மறுபக்கமும் உண்டு. நாயகன் ஜிடேன் திருடன். பாஸ்கள் எனப்படும் பெரிய எதிரிகளிடமிருந்து நல்ல ஆயுதங்களைத் திருடலாம். ஆனால் அரிய பொருள் கிடைக்கும் வாய்ப்பு 256-ல் ஒன்று. இந்த எண்ணை விளையாட்டு காட்டாது. ஒரு பாஸிடம் முக்கால் மணி நேரம் திருடிப் பார்த்துக்கொண்டு, மற்ற மூவரையும் அடிக்காமல் சும்மா நிறுத்தியிருந்தேன். கவுண்டர் எபிலிட்டி போட்டிருந்த ஸ்டைனர், தன்னை அடித்த பாஸைத் திருப்பி அடித்தார். பாஸ் செத்துப்போனது. அன்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வெளியே நடக்கப் போய்விட்டேன். டிரான்ஸ் என்ற வலுக்கூடிய நிலை இன்னும் மோசம். அடி வாங்க வாங்க அதன் பட்டை நிரம்பும். நிரம்பியதும் நம்மைக் கேட்காமலே கதாபாத்திரம் பொங்கி எழுந்துவிடும். பாஸுக்காகச் சேர்த்துவைக்க வழியில்லை. சாதாரணப் பூச்சி ஒன்றின் கடைசி அடியில் டிரான்ஸ் வந்து, அடுத்த நொடியே சண்டை முடிந்து வீணாகப் போனது எத்தனையோ தடவை.

எக்ஸ்காலிபர் 2 என்ற வாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டைனருக்கான மிக வலுவான வாள். விளையாடத் தொடங்கியதிலிருந்து 12 மணி நேரத்துக்குள் கடைசிக் கட்டமான மெமோரியாவில் அது இருக்கும் இடத்தை அடைந்தால்தான் கிடைக்கும். இவ்வளவு அழகாக ஊர்களைக் கட்டிவைத்துவிட்டு, எதையும் பார்க்காமல் ஓடி வருகிறவருக்கு அப்படி ஒரு பரிசு எதற்கு? இதை நான் இன்றுவரை ஏற்கவில்லை. அந்த வாள் இல்லாமல்தான் இரண்டு தடவையும் முடித்தேன்.

ஆயுதங்கள் விஷயத்தில் மட்டும் இன்றைய விளையாட்டுகளை விட இதுவே மேல் என்பேன். ஒவ்வொரு பொருளுக்குள்ளும் ஒரு திறமை இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு சண்டை போடப் போட அது பாத்திரத்துக்கு நிரந்தரமாகிவிடும். ஆரம்பத்தில் கிடைக்கும் மேஜ் மாஷர் என்ற கத்தி, எதிரியிடம் என்ன பொருள் இருக்கிறது என்று பார்க்கும் டிடெக்டை ஜிடேனுக்குக் கற்றுத்தரும். கற்ற பிறகும் விற்றுவிடாதீர்கள். லிண்ட்ப்ளம் நகரத்தின் சிந்தசிஸ் கடையில் அதையும் முதலில் வைத்திருந்த டாகரையும் சேர்த்து பட்டர்ஃப்ளை ஸ்வோர்ட் செய்து தருவார்கள். பழைய கத்திக்கும் ஒரு மதிப்பு இருப்பதால் கடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். 2016 பதிப்பில் வேகத்தைக் கூட்டும் வசதியும், வழிச்சண்டைகளே வராமல் நிறுத்தும் வசதியும் சேர்த்திருக்கிறார்கள். நான் மேலே புலம்பியதில் பாதி அதோடு தீர்ந்துவிடும். இரண்டாம் முறை வேகத்தைக் கூட்டியவன் வெகுநேரம் குறைக்கவே இல்லை. அது தவறு.

டாலி என்று ஒரு சின்னக் கிராமம் வரும். அங்கே விவி காணாமல் போகிறான். கூர்தொப்பி, இருட்டான முகம், இரண்டு மஞ்சள் கண்கள், நடக்கும்போதே தடுக்கி விழுகிற சிறுவன் அவன். ஊருக்கு அடியில் ஒரு தொழிற்சாலை. அதில் விவியைப் போலவே தொப்பி வைத்த பொம்மைகளைச் செய்து பெட்டியில் அடைக்கிறார்கள். பிறகு சரக்குக் கப்பலில் கறுப்பு மந்திரவாதிகள் எனப்படும் அந்தப் பொம்மைகள்தான் வேலை செய்கிறார்கள். விவி போய்ப் பேச்சுக் கொடுக்கிறான். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விவி நிற்கிறான். அந்த நிற்கும் நேரம்தான் காட்சியே. சற்று நேரத்தில் எதிரி ஒருவன் பறந்து வந்து விவியைத் தாக்கும்போது, அதே பொம்மைகள் வரிசையாக வந்து அவனை மறைத்து நிற்கின்றன, அடிபட்டுக் கப்பலிலிருந்து விழுகின்றன. வேகத்தைக் கூட்டிவைத்திருந்த எனக்கு இது குடுகுடுவென ஓடிப்போய்விட்டது. ஸேவுக்குத் திரும்பிப் போய்ச் சாதாரண வேகத்தில் மறுபடி பார்த்தேன்.

பின்னால் அவர்களில் விழிப்பு வந்து தப்பியவர்களின் கிராமம் வருகிறது. பெயர் இல்லை, எண்கள்தான். அவர்களுடைய ஆயுள் மிகக் குறைவு, திடீரென்று 'நின்றுவிடுவார்கள்'. மரணம் என்றால் என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாது. கல்லறையில் ஒருவன் காத்திருக்கிறான்: புதைத்த நண்பன் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்ததும் அவனைக் குளத்தில் குளிப்பாட்ட வேண்டுமாம், உடம்பெல்லாம் மண்ணாக இருக்குமாம். பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த வரி வரும். நான் அழுத்தாமல் வைத்திருந்தேன். குரல் நடிப்பு கிடையாது, வெறும் எழுத்தும் பின்னணி இசையும்தான். இருபது வயதில் என்னை அழவைத்த அந்த இடம் நாற்பதை நெருங்கும்போதும் அழவைத்தது.

ஆகவே சண்டையில் வேகத்தைக் கூட்டுங்கள், அதில் குற்றமே இல்லை. ஊருக்குள் கால் வைக்கும் முன் நிறுத்திவிடுங்கள். திரையில் ஏடிஈ என்று வந்தால் தவறாமல் திறந்து பாருங்கள். அதே நேரத்தில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது அதில்தான் வரும். வழிச்சண்டைகளை நிறுத்தும் வசதியை மட்டும் தொடவே வேண்டாம். நிறுத்தினால் உங்கள் லெவல் ஏறாது. இன்னொரு காரணமும் உண்டு. டாலிக்கு அருகில் உள்ள காட்டில், எப்போதாவது, ம்யூ என்ற அணில் போன்ற பிராணி ஒன்று சண்டைக்களத்தில் வந்து நின்று, அடிக்காமல், 'ஓர்' என்னும் தாதுக்கல்லைக் கேட்கும். அதை அடித்துவிடாதீர்கள். கல் கையில் இல்லையென்றால் ஓடி வந்துவிடுங்கள், கிடைத்ததும் திரும்பிப் போய்க் கொடுக்கலாம்.