பெண்கள் போர் விமானிகளாக வர ஏன் இவ்வளவு தாமதம்? உடல் வலிமைதான் காரணமா?

போர் விமானி என்றால் ஆயுதம் பொருத்திய விமானத்தைச் சண்டைக்கு ஓட்டிச் செல்பவர். ராணுவச் சரக்கு விமானம் ஓட்டுபவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

தாமதத்துக்குப் பெரிய காரணம் சட்டம்தான். அமெரிக்காவில் 1970களிலேயே பெண்கள் ராணுவ விமானம் ஓட்டினார்கள். ஆனால் போர் விமானத்துக்கான தடை 1993இல்தான் நீங்கியது. இந்தியாவில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் 2016இல் விமானப்படையின் போர் விமானப் பிரிவில் சேர்ந்தார்கள்.

இத்தனைக்கும் 1942லேயே சோவியத் ஒன்றியத்தில் முழுக்கப் பெண்களே கொண்ட இரவுக் குண்டுவீச்சுப் படை இருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது மரமும் துணியுமாகச் செய்த பழைய போ-2 விமானம். இலக்கை நெருங்கியதும் என்ஜின் சத்தத்தை அடக்கிவிட்டு இருட்டில் சறுக்கி வருவார்கள். கீழே கேட்பது காற்றின் உரசல் மட்டும். ஜெர்மானியர்கள் வைத்த பெயர் ‘இரவுச் சூனியக்காரிகள்’. பயந்தவன் வைத்த பெயர் அல்லவா!

சரி, உடம்பு தாங்குமா? தண்ணீர் வாளியைக் கையில் பிடித்து வேகமாகச் சுழற்றினால் தண்ணீர் வாளியின் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும். விமானம் சட்டென்று திரும்பும்போது விமானியின் ரத்தமும் அப்படித்தான் கால்பக்கம் இறங்கும். மூளைக்குக் குறைந்தால் மயக்கம். அதனால் தொடையையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சைப் பிடித்துப் பிடித்து விடுவார்கள். காலை இறுக்கும் தனி உடையும் உண்டு.

ஆண்களும் இந்தப் பயிற்சி இல்லாமல் மயங்கித்தான் விழுவார்கள். ‘பெண் உடம்பு தாங்காது’ என்பது தவறு.