வட்டம் ஏன் முட்டையாகிறது? லோகோவைத் தையல் ஃபைலாக மாற்றும்போது

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் 4க்கு 4 இன்ச் ஃப்ரேம் போடும் எம்பிராய்டரி மெஷின் இருக்கிறது, தெருவில் உள்ள நடைப்பயிற்சிக் குழுவுக்கு லோகோ போட்ட காலர் டி-ஷர்ட் 30 வேண்டுமாம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஒரு சாஃப்ட்வேரில் போட்டு ஒரே கிளிக்கில் மாற்றித் தைத்தால் வட்டம் முட்டை மாதிரி வருகிறது, பார்டருக்கும் உள்நிறத்துக்கும் நடுவே துணி எட்டிப் பார்க்கிறது, கீழே உள்ள தமிழ் எழுத்து அடைத்துக்கொள்கிறது. மெஷினை சர்வீசுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம்மா, கோளாறு ஃபைலில். படத்தில் இருப்பது நிறம். தையல் ஃபைலில் இருப்பது ஊசி அடுத்து எங்கே இறங்க வேண்டும் என்ற கட்டளை. நூல் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எதை முதலில் தைக்க வேண்டும் என்பதை எல்லாம் ஒரு ஆள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும், அதைத்தான் தொழிலில் பஞ்சிங் என்கிறோம்.

தைத்த துண்டை எடுத்துப் பாருங்கள். நூல் படுக்கைவாட்டில் ஓடியிருந்தால் இடைவெளி இடப்பக்கமும் வலப்பக்கமும்தான் இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு தையலும் இறுகும்போது துணியைத் தன் திசையிலேயே உள்ளே இழுக்கிறது, டி-ஷர்ட் துணியோ பின்னல் துணி, இழுத்த பக்கம் வந்துவிடும். அதனால் உள்நிறத்தை பார்டருக்கு அடியில் கொஞ்சம் நுழைகிற மாதிரி பெரிதாக்க வேண்டும். படம் வரையும் சாஃப்ட்வேரான இங்க்ஸ்கேப்பும், அதில் சேர்ந்து தையல் ஃபைல் தயாரிக்கும் இங்க்ஸ்டிச்சும் இலவசம். அதில் நிரப்புத் தையலுக்கு எக்ஸ்பேண்ட், அதாவது விளிம்பைப் பெரிதாக்கும் அளவு, 0.3 மி.மீ. கொடுங்கள், வரிசை இடைவெளி 0.25 என்று வந்திருந்தால் 0.4 ஆக்குங்கள், இல்லையென்றால் லோகோ அட்டை மாதிரி விறைக்கும். அண்டர்லே என்ற அடித்தையலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், மேல் தையல் ஏறுவதற்கு முன் துணியைக் கீழே இருக்கும் பேப்பரோடு பிடித்து வைப்பது அதுதான். நடுவிலிருந்து வெளியே போகிற வரிசையில் தையுங்கள், சாட்டின் (இரண்டு ஓரத்துக்கும் நூல் நெருக்கமாகப் போய் வரும் பட்டைத் தையல்) பார்டர் கடைசியில், 2 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல்.

எழுத்துக்கு வருவோம். சாதாரண 40 நம்பர் நூல் துணியில் படியும்போது கிட்டத்தட்ட 0.4 மி.மீ. இடம் எடுக்கும், அப்படியிருக்க ‘ழு’வின் சுழிக்குள் அரை மி.மீ. இடம் விட்டால் அது அடைக்காமல் என்ன செய்யும்? ஆங்கில எழுத்து 5 மி.மீ. உயரத்தில் ஓரளவு வந்துவிடும், தமிழுக்கு நான் 8 மி.மீ.க்குக் கீழே போவதில்லை. புள்ளியை 1 மி.மீ.க்கு மேல் சின்ன சாட்டினாக வையுங்கள், அதற்கும் சிறிதாக்கினால் ஒரே ஓட்டையில் ஊசி திரும்பத் திரும்ப இறங்கி நூல் அறுந்துவிடும். இடம் பற்றவில்லையா, குழுவிடம் பேசி இரண்டாவது வரியை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் அடியில் வைக்கும் பேப்பர். டி-ஷர்ட்டுக்குக் கிழிக்கிற வகை ஆகாது, கத்தரியால் வெட்டுகிற வகைதான் வேண்டும், அதுதான் துவைத்த பிறகும் தையலைத் தாங்கும். ஃப்ரேமில் பேப்பர் விறைப்பாக இருக்கட்டும், ஆனால் துணியை இழுத்து மாட்டாதீர்கள், ஃப்ரேமைக் கழற்றியதும் சுருங்கி லோகோவைச் சுற்றி சுருக்கம் விழும்.

சோதனையை வீட்டில் கிடக்கும் காட்டன் துண்டில் செய்தால் பயனில்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எந்த டி-ஷர்ட் வாங்கப் போகிறீர்களோ அதிலேயே ஒன்று கூடுதலாக எடுத்து அதில் தைத்துப் பாருங்கள். அளவு மாற்ற வேண்டியிருந்தால் மெஷினில் மாற்றாமல் இங்க்ஸ்டிச் மூலக் கோப்பில் மாற்றி மறுபடி சேமியுங்கள். பிரதர் மெஷின் என்றால் பிஇஎஸ் (PES) என்ற ஃபைல் வகையில் சேமியுங்கள். வெளியே கொடுத்துத் தைப்பதானால் பெரும்பாலும் டிஎஸ்டி (DST) வகை ஃபைல் கேட்பார்கள், அதில் நூலின் நிறம் பதிவாகாது, நிறம் மாறும் இடம் மட்டும்தான் இருக்கும், ஆகவே முதலில் எது, அடுத்து எது என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள்.