வெளிநாட்டு மொழி படிக்க நூலகம்: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கிளிநொச்சி: அக்கா, மொழிப் புத்தகங்கள் நூலகத்தில எந்தப் பக்கம் இருக்கும்? கேக்கக் கூச்சமாக் கிடக்கு.

கேளுங்கோ தம்பி, நூலகர் அதற்குத்தான் இருக்கிறார். புத்தகங்களைப் பாடவாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் 400 முதல் 499 வரை மொழிதான். ஆங்கிலம் 420, ஜேர்மன் 430, பிரெஞ்சு 440. சீனம் 495.1, ஜப்பானியம் 495.6, கொரியம் 495.7. நல்ல அகராதிகள் பெரும்பாலும், அங்கேயே இருந்து பார்க்கும் உசாத்துணைப் பகுதியில் தனியாக இருக்கும். இராக்கையில் காணவில்லை என்று திரும்பிப் போகாதீர்கள்.

முள்ளியவளை: அவர் ஜேர்மனியில. நான் ஏ1 எண்ட தொடக்கநிலை ஜேர்மன் சோதனை எடுக்கவேணும். வகுப்புக்குப் போக வசதியில்லை. புத்தகம் மட்டும் காணுமா?

காணாது தங்கச்சி. வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு நான்கையும் சோதிப்பார்கள். பாடநூலை இரவல் எடுக்கமுன் அதன் இறுவட்டு இருக்கிறதா, ஒலிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒலியில்லாத பாடநூலில் காலத்தை வீணாக்க வேண்டாம். ஜேர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே நிறுவனம் ஏ1 சொற்பட்டியலையும் மாதிரி வினாத்தாளையும் இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்ச வெல்லவின் 'நிக்கோஸ் வேக்' காணொளிப் பாடமும் இலவசம். ஏ1 இலிருந்து இடைநிலையான பி1 வரை போகும்.

இனி அகராதி. போனில் தேடினால் அநேகமாகக் கருத்து மட்டுந்தான் வரும். அச்சு அகராதி ஒரு பெயர்ச்சொல்லின் பாலையும் பன்மையையும் சேர்த்தே தரும். ஜேர்மனில் அவை இரண்டும் தெரியாமல் ஒரு வசனம் சரியாக அமையாது. அதனால் சொல்லை, அதன் பாலைக் காட்டும் டெர், டீ, டாஸ் என்பதோடு சேர்த்தே கொப்பியில் எழுதுங்கள். உசாத்துணைப் பகுதியில் இருந்து இதைச் செய்தால் வகுப்பில் கிடைக்காத உறுதி வரும். நான் இதை மனதார நம்புகிறேன்.

மாங்குளம்: கொரியா வேலைச் சோதனைக்குப் பழைய வினாத்தாள் மட்டும் செய்தால் போதுமா அக்கா?

போதாது தம்பி. முதலில் ஹங்குல் என்ற கொரிய எழுத்தைக் கையால் எழுதிப் பழகுங்கள். உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் போட்ட புத்தகங்களைத் தள்ளி வையுங்கள். சோதனையை நடத்தும் கொரிய நிறுவனத்தின் பாடநூலே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஒட்டுசுட்டான்: ஒல்லாந்தர் கால வன்னியைப் பற்றி ஆராய விருப்பம். டச்சு மொழி தெரியாது.

அருமையான விருப்பம் பிள்ளை. 1895 இல் வெளியான ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய ஆங்கிலக் கைநூலில் தொடங்குங்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மூலப் பதிவேடுகள் கொழும்பு தேசிய சுவடிகள் காப்பகத்தில் இருக்கின்றன. பல நாடுகளில் உள்ள அந்தக் கம்பனிச் சுவடிகளை யுனெஸ்கோ 2003 இல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. பழைய டச்சுச் சொற்களுக்கு, 1500 இலிருந்து வழங்கியவற்றைத் தொகுத்த பேரகராதியை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கையெழுத்தை வாசிப்பது வேறொரு பயிற்சி. அச்சில் வந்தவற்றை முதலில் வாசியுங்கள்.

புதுக்குடியிருப்பு: கேட்ட புத்தகம் இல்லையெண்டால்?

வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். நூற்பெயர், ஆசிரியர், பதிப்பு, புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் ஐஎஸ்பிஎன் எண் நான்கையும் எழுதிக் கொடுங்கள். உங்களோடு படிக்கும் நாலைந்து பேரும் எழுதிக் கொடுத்தால், அடுத்த கொள்வனவுப் பட்டியலில் சேர்க்க நூலகருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.