படிப்புச் செயலிக்கு 24 மாதத் தவணை… கட்டலாமா, விடலாமா?

கேள்வி: கணவர், நான் இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 38,000 ரூபாய் வருகிறது. மகள் பிளஸ் ஒன், பயோ-மேத்ஸ், ஆங்கில வழி. நீட் எழுத ஆசைப்படுகிறாள். மகன் எட்டாம் வகுப்பு, தமிழ் வழி. ஒரு படிப்புச் செயலியிலிருந்து ஆள் வந்து, மகளுக்கு இரண்டு வருடத்துக்கு 84,000 ரூபாய், வட்டியில்லாத் தவணையில் மாதம் 3,500 கட்டினால் போதும் என்றார். முன்பணம் 2,000 கொடுத்துவிட்டோம். ஆதார், பான் கார்டைப் படம் எடுத்தார். போனுக்கு வந்த ஓ.டி.பி.யையும் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது பயமாக இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதை வைத்தே படிக்க முடியாதா?

- வாசகி, திண்டுக்கல்

பதில்: முடியும். அதற்கு முன்னால் அந்த ஓ.டி.பி.யைப் பார்ப்போம். பான், ஆதார், ஓ.டி.பி. மூன்றும் கைமாறியிருந்தால், நீங்கள் கையெழுத்திட்டது கோர்ஸில் சேரும் படிவமாக மட்டும் இருக்காது. உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தமாகவும் இருக்கலாம். செயலி நிறுவனம் முழுப் பணத்தையும் அங்கே வாங்கிக்கொள்ளும். நீங்கள் தவணை கட்ட வேண்டியது அந்த நிதி நிறுவனத்துக்கு.

இன்றே எஸ்.எம்.எஸ்., மெயில் இரண்டையும் தேடுங்கள். கடன் எண்ணோ நிறுவனத்தின் பெயரோ இருந்தால், கூடவே 'முக்கிய விவர அறிக்கை' வந்திருக்க வேண்டும். டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆண்டு வட்டி விகிதமும், அபராதம் இல்லாமல் கடனிலிருந்து விலகுவதற்கான கால அவகாசமும் அதில் இருக்கும். அந்த அவகாசம் ஒரே நாளாகக்கூட இருக்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். கோர்ஸ் வேண்டாம், கடனையும் ரத்து செய்யுங்கள் என்று செயலி நிறுவனம், நிதி நிறுவனம் இரண்டுக்கும் மெயில் அனுப்புங்கள். வந்த ஆளிடம் போனில் சொன்னது கணக்கில் சேராது.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். பயந்துபோய் வங்கியில் ஆட்டோ டெபிட்டை மட்டும் நிறுத்திவிடுவார்கள். கடன் அப்படியே நிற்கும். தவணை தவறியதாகப் பதிவாகி, கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் ஸ்கோர் விழும். முதலில் கடன் ரத்து, அதற்கான கடிதம், பிறகுதான் ஆட்டோ டெபிட்டை நிறுத்துவது. நிதி நிறுவனம் 30 நாளில் பதில் தரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம். செயலி நிறுவனத்தின் மீதான புகாருக்கு 1915 நுகர்வோர் உதவி எண். ஓரிரு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒரு முறை இலவசம். முன்பணம் 2,000 திரும்ப வராமலே போகலாம். அதை மீட்க நினைத்து 84,000-ஐத் தொடர வேண்டாம்.

'வட்டியில்லா' என்பதையும் சோதித்துப் பாருங்கள். மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு என்று கேளுங்கள். 72,000 என்று பதில் வந்தால், மீதி 12,000 வட்டிதான். ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதம் ஆகிறது. கோச்சிங் கட்டணத்துக்கு வருமான வரிச் சலுகையும் கிடையாது. அது பள்ளி, கல்லூரியின் முழுநேரப் படிப்புக்கான டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான்.

இனி இலவசம். நீட் கேள்விகள் பெரும்பாலும் என்.சி.இ.ஆர்.டி. பாடப் பரப்பைச் சுற்றியே வருகின்றன. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பின் உயிரியல், வேதியியல், இயற்பியல் புத்தகங்கள் அவர்கள் தளத்திலேயே பி.டி.எஃப். ஆகக் கிடைக்கின்றன. முழுவதையும் பிரிண்ட் எடுக்காதீர்கள். அச்சுப் புத்தகமே பெரும்பாலும் மலிவாக முடியும். பழைய புத்தகக் கடையில் வாங்குவதானால் பதிப்பைப் பார்த்து வாங்குங்கள். சில வருடங்களுக்கு முன் பல பகுதிகள் நீக்கப்பட்டன, பழைய பதிப்பில் அவை அப்படியே இருக்கும். எதைப் படிக்க வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டின் நீட் பாடத்திட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள். தமிழ்நாடு பாடப்புத்தகங்களும் அரசுத் தளத்தில் இலவசம்.

பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூ.ஆர். கோடுகளுக்கு தீக்‌ஷா செயலி. முதலில் திறக்கும்போது போர்டு என்ற இடத்தில் தமிழ்நாடு, பிறகு மீடியம், வகுப்பு என்று சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே சி.பி.எஸ்.இ. என்று போட்டுவிட்டு, நம் பாடம் எதுவும் வரவில்லை என்பவர்கள் உண்டு. கோடு மங்கி ஸ்கேன் ஆகவில்லையா? கீழே அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்துக் குறியீட்டைத் தட்டச்சு செய்தால் போதும்.

வீடியோவை 360பி தரத்தில் பார்த்தால் மணிக்குச் சுமார் 300 எம்.பி. ஆகும். தினம் 1.5 ஜி.பி. ரீசார்ஜில் இரண்டு மணி நேரம் தாராளமாகப் பார்க்கலாம். 720பி வைத்தால் அதே இரண்டு மணி நேரத்துக்கே டேட்டா இழுபறிதான். இயற்பியல் கருத்து பிடிபடவில்லை என்றால் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) என்ற தளத்தில் மின்சுற்று, அலை, விசை எல்லாவற்றையும் திரையிலேயே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கலாம். கணிதத்தில் அடிப்படை ஆட்டம் கண்டிருந்தால் கான் அகாடமி என்ற இலவசத் தளம். ஐ.ஐ.டி. கரக்பூர் நடத்தும் தேசிய டிஜிட்டல் நூலகத்தில் தேடும்போது, யாரும் இலவசமாகத் திறந்து படிக்கக்கூடியவை (ஓப்பன் ஆக்சஸ்) மட்டும் வரும்படி வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் பூட்டிய புத்தகங்களாகவே வரிசையில் நிற்கும். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரைக்குமான பாடங்கள் உண்டு. எல்லாவற்றிலும் கணக்கு திறக்க வேண்டாம். இரண்டு போதும். பதினைந்து தளத்தைச் சேமித்து வைத்துவிட்டு எதையும் படிக்காமல் விடுவதுதான் இலவசத்தில் நடக்கும் பெரிய விரயம்.

இவற்றில் கிடைக்காதவை இரண்டு: சந்தேகம் தீர்த்து வைக்க ஒரு ஆள், நேரம் வைத்து எழுதும் தேர்வு. காசு செலவழிப்பதென்றால் இதற்குச் செலவழியுங்கள். பழைய நீட் வினாத்தாள்களை இறக்கி, ஞாயிறுதோறும் 180 கேள்வி, 180 நிமிடம் என்று நீங்களே கடிகாரம் பார்த்து எழுத வையுங்கள். இன்னும் நடத்தாத பாடக் கேள்விகளை இப்போதைக்கு விட்டுவிட்டு, நேரத்தையும் அதற்கேற்பக் குறைக்கலாம். தவறான பதிலுக்கு ஒரு மதிப்பெண் கழித்தே திருத்துங்கள். மூன்று வாரத்தில் எந்தப் பாடம் இடிக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் உள்ளூரில் ஆசிரியரைப் பாருங்கள்.

அந்த 3,500 ரூபாயை இப்படிப் பிரியுங்கள்: ஆசிரியருக்கு 1,000 வரை, பிரிண்ட், நோட்டுக்கு 300. மீதி 2,200-ஐ வங்கியில் 24 மாத ஆர்.டி.யில் போடுங்கள். 6.5 சதவீத வட்டி கிடைத்தால் முடிவில் சுமார் 56,500 ரூபாய். கல்லூரி சேரும் மாதத்தில் கவுன்சலிங் கட்டணம், ஹாஸ்டல் டெபாசிட், லேப்டாப் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அப்போது இது கையில் இருக்கும்.

மகனுக்கு இப்போது எதையும் வாங்க வேண்டாம். தமிழ் வழிப் பாடங்கள் கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் பக்கத்தில் வகுப்பு வாரியாக இருக்கின்றன. போனைக் கொடுக்காமல், டிவியில் போட்டுக் காட்டுங்கள்.