காலுக்கு இறங்கும் இடுப்பு வலி: ஆபரேஷன் அவசியமா?

கேள்வி: எனக்கு வயது 49. ரோஸ் ஹில்லில் இருந்து போர்ட் லூயிக்குப் பேருந்து ஓட்டுகிறேன். ஐந்து வாரமாக வலது இடுப்பில் தொடங்கி, தொடையின் பின்புறமாகப் பாதம் வரைக்கும் கரண்ட் அடித்ததுபோல் வலி. தும்மினால் உயிர் போகிறது. ஸ்கேனில் நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புக்கு நடுவே டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். படுத்தே இருக்க வேண்டுமா? தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன், எடுக்கலாமா?
— வாசகர், மொரீஷியஸ்

பதில்: நீங்கள் சொல்லும் விவரங்கள் சயாட்டிக்கா வலிக்கு, அதாவது இடுப்பில் நரம்பு அழுந்திக் காலுக்கு இறங்கும் வலிக்கு, பொருந்துகின்றன. ஐந்து வாரம் என்பது ஆபரேஷன் பற்றி முடிவெடுக்கும் நேரம் அல்ல. ஆனால் சில அறிகுறிகள் தெரிந்தால் இந்தப் பேச்சே மாறிவிடும் என்பதால் முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது வருவதே தெரியாமல் போவது. மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது. ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்துப்போவது. இரண்டு கால்களும் பலம் இழப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும், நடுராத்திரி ஆனாலும், நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அங்கே ஆபரேஷன்தான் வைத்தியம், அதிலும் மணிக்கணக்கு முக்கியம். பாதத்தைத் தூக்க முடியாமல் நடக்கும்போது தரையில் இழுபட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது என்றாலும் காத்திருக்கக் கூடாது.

இது எதுவும் இல்லையென்றால் கொஞ்சம் மூச்சு விடுங்கள். ஸ்கேன் காட்டுவதையெல்லாம் நோய் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. உங்களுக்கு வலியும் ஸ்கேனும் ஒத்துப்போகின்றன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், பிதுங்கிய பகுதி பெரும்பாலும் அப்படியே நிலைத்து நிற்பதில்லை. உடலே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. பெரிதாகப் பிதுங்கி வெளியே வந்த துண்டுகள்கூட நன்றாகச் சுருங்குவதுண்டு. நரம்பைச் சுற்றியுள்ள வீக்கமும் வடியும்போது வலி இறங்கும்.

ஆபரேஷனே வீண் என்று நான் சொல்லவில்லை. நெதர்லாந்தில் ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் வரை கடும் சயாட்டிக்காவால் அவதிப்பட்ட 283 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மற்றவர்கள் காத்திருந்து, தேவைப்பட்டால் மட்டும் செய்துகொண்டார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது, உண்மை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஏறக்குறைய 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குப் பிறகு ஆபரேஷன் தேவைப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று மாதம் முறையாக முயன்றும் தூங்கவோ வேலை செய்யவோ முடியாத வலி என்றால் அறுவை மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அது தோல்வி அல்ல.

படுக்கை வேண்டாம். வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் படுத்தால் தப்பில்லை, அதற்கு மேல் படுத்துக் கிடப்பதால் சயாட்டிக்கா சீக்கிரம் ஆறுவதில்லை, தசைதான் தளரும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று சமதரையில் ஒரு நாளைக்குப் பல தடவை நடங்கள். இரவில் வலியில்லாத பக்கமாகச் சாய்ந்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து தூக்குவதையும் தாழ்வான சோபாவில் புதைந்து உட்காருவதையும் சில வாரம் விட்டுவிடுங்கள்.

பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டில் அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தானே, கேட்டு வாங்குங்கள். பலருக்குக் குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பை மெதுவாக உயர்த்துவது உதவும். செய்யும்போது காலில் இருந்த வலி மேலேறி இடுப்போடு நின்றால், இடுப்பு சற்றுக் கூடுதலாக வலித்தாலும் அது நல்ல அடையாளம். வலி பாதத்தை நோக்கி இறங்கினால் நிறுத்திவிடுங்கள். சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி இடுப்பை வெடுக்கென்று முறுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

சர்க்கரை இருப்பதால் மூன்று எச்சரிக்கை. வலி மாத்திரைகளைக் கடையில் நீங்களாக வாங்கித் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெடும். பரிசோதித்துவிட்டுக் குறைந்த நாளுக்குப் போடுங்கள். முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் ஆறுதல் கிடைக்கலாம், ஆனால் அந்த நாட்களில் சர்க்கரை ஏறும். பாதம் மரத்திருந்தால் சூட்டு ஒத்தடத்தைக் கால் பக்கமே கொண்டுபோகாதீர்கள், கொப்புளம் வந்தும் தெரியாது. இரண்டு பாதமும் ராத்திரியில் ஒருசேர எரிகிறது என்றால் அது டிஸ்க்கால் அல்ல, சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பாக இருக்கலாம்; அதற்கு வைத்தியம் வேறு.

காவடி விஷயத்தில் உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. தோளில் பாரத்தோடு, கோடை வெயிலில், வெறுங்காலுடன் ஊர்வலம். தைப்பூசத்துக்கு முன் வலி முழுக்க அடங்கி, ஒரு மணி நேரம் தொடர்ந்து நடக்க முடிந்தால் இலேசான காவடியைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் இந்த வருடம் பால் சொம்பை மார்போடு அணைத்து ஏந்திப் போங்கள். எதை ஏந்தினாலும் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலும், ஆணிச் செருப்பும் கண்டிப்பாகக் கூடாது. விரத நாட்களில் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். முருகனுக்குச் செலுத்தும் காவடியை அடுத்த வருடமும் செலுத்தலாம். ஆறாத பாதப் புண் காலையே கேட்கும்.

கடைசியாக வேலை. நீண்ட நேரம் உட்காருவதும் வண்டி அதிர்வும் டிஸ்க்குக்கு ஆகாதவை. இருக்கையை முன்னால் தள்ளி, இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டை வையுங்கள், பின் பாக்கெட்டில் பர்ஸ் வேண்டாம், ஒவ்வொரு நடை முடிந்ததும் இறங்கி நாலு எட்டு நடங்கள். பிரேகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை கொடுத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள்: 2017-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் அது சயாட்டிக்கா வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றலைத்தான் கூட்டியது. அதைச் சில வாரமாகப் போட்டு வந்தால் திடீரென நிறுத்தாமல் மருத்துவர் சொல்லும்படி குறையுங்கள். பிரேக்கை மிதிப்பது வலிக்கும் அந்தக் கால்தான். நாளைக் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் நாலு அடி, விரல் நுனியில் நாலு அடி நடந்து பாருங்கள். வலது கால் இடதைவிடப் பலம் குறைவாகத் தெரிந்தால் பேருந்தை எடுக்காமல் மருத்துவரைப் பார்த்து, விடுப்புச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.