அண்ணாச்சி பதில்கள்: எட்டு சனிக்கிழமை, நாப்பது பேரு, ஒரு பந்து

கேள்வி: அண்ணாச்சி, நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாம் வருசம். நாங்க அஞ்சு பேரு சேந்து யுனிவர்சிட்டில வீடியோ கேம் செய்யுததுக்கு ஒரு கோர்ஸ் நடத்தப் போறோம். துட்டுலாம் கிடையாது, ஆசைக்குத்தான். எட்டு சனிக்கிழமைக்கு லேப் தாரோம்னு எச்ஓடி சொல்லிட்டாரு, நாப்பது பேரு பேரு குடுத்துட்டாவ. கேம் செய்யுத சாப்ட்வேர்ல யூனிட்டியா அன்ரியலா, எதச் சொல்லிக்குடுக்க? லேப் மிஷின்லாம் 4 ஜிபி ராம்தான். (பேரு வேண்டாம், பாளையங்கோட்டை)

பதில்: தம்பி, மொதல்ல நான் ஒண்ணு கேக்கேன். உங்க அஞ்சு பேருல யாராவது ஒரு கேம முடிச்சிருக்கியளா? ஆரம்பிச்சது இல்ல, முடிச்சது. தோத்தா திரும்ப ஆட ஒரு பட்டன், ஸ்கோர், சத்தம் எல்லாத்தோடயும். இல்லன்னா ஆளுக்கு ஒண்ண முடிச்சிட்டு வாங்க, எவ்ளோ சின்னதுன்னாலும் சரி. பாதில நிக்க பத்து கேம் வச்சிருக்கவன்தான் கிளாஸ்ல ரொம்ப பேசுவான், நான் நெறய பாத்துட்டேன்.

4 ஜிபில அன்ரியலத் தொறந்தா மிஷின் மூச்சு முட்டிச் செத்துரும். யூனிட்டி நல்லதுதான், வேலைக்குப் போறவாளுக்கு ஆவும், ஆனா இன்ஸ்டால் பண்ணவே பல ஜிபி. 2023 செப்டம்பர்ல, அதுல செஞ்ச கேம ஒருத்தர் இன்ஸ்டால் பண்ணா இவ்ளோன்னு காசு கேப்போம்னு அறிவிச்சு ஊரே கத்தி அடுத்த வருசம் வாபஸ் வாங்குனாவ, அந்தக் கூத்துலதான் நெறய பேரு கோடோன்னு இன்னொரு சாப்ட்வேர் பக்கம் வந்தாவ. உங்களுக்கும் நான் கோடோதான் சொல்லுவேன். ஓசி, சோர்ஸும் தொறந்தே கெடக்கு. அதவிட முக்கியம், இன்ஸ்டாலே வேண்டாம், ஜிப்ப விரிச்சு கிளிக் பண்ணா ஓடும். லேப்ல அட்மின் பாஸ்வேர்ட் யாருகிட்ட இருக்கும்? லேப் அசிஸ்டென்ட்டுகிட்ட. அவரு சனிக்கிழமை எங்க இருப்பாரு? ஏதோ கல்யாண வீட்டுல. ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, ஸ்கிரீன்ல படம் காட்ட கோடோவுக்கு வேண்டிய ஓபன்ஜிஎல் 3.3 பழைய மிஷின்ல இருக்கான்னு முந்துன வாரமே ஓட்டிப் பாத்துரணும்.

எனக்கு நடந்ததச் சொல்லுதேன். ஒரு காலேஜ்ல இதே மாதிரி கிளாஸ் எடுக்கப் போனேன், ஆளாளுக்கு டவுன்லோட் பண்ணுங்கன்னு சொல்லிட்டேன், கோட்டிக்காரன் மாதிரி. மொத்த லேபுக்கும் ஒரே லைன். மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்க வரைக்கும் எல்லாரும் அந்த நீலக் கோட்டத்தான் பாத்துட்டு இருந்தோம். அடுத்த வாரம் பாதிப் பேரு வரல. பென் டிரைவ் அஞ்சு கொண்டுபோங்க தம்பி, ஆளுக்கு ஒண்ணு.

மொத சனிக்கிழமை கம்ப்யூட்டரே தொடாண்டாம். தரையில சாக்பீஸால ஆடுபுலி ஆட்டம் வரைங்க, மூணு புலி பதினஞ்சு ஆடு. ஒரு ஆட்டம் ஆடி முடிஞ்சதும் ஆட்டப் பன்னெண்டாக் கொறச்சு ஆடச் சொல்லுங்க, பொறவு புலி ரெண்டு, பொறவு ஒரு கோட்ட அழிச்சிட்டு. யாரு ஜெயிக்கா, யாருக்கு போரடிக்குன்னு எழுதச் சொல்லுங்க. கேம் டிசைன்னு தடி தடியா புஸ்தகம் போட்டு சொல்லுதது பாதி அந்த ஒரு மணி நேரத்துல வந்துரும், நம்ம ஆச்சிமாருக்கு தெரிஞ்ச கததான்.

ரெண்டாவது வாரம் பாங்னு ஒரு பழைய கேம். ரெண்டு மட்ட, ஒரு பந்து. 1972ல அட்டாரிங்குத கேம் கம்பெனில புதுசா சேந்த ஆலன் அல்கார்ன்கிட்ட கை பழகிக்கோன்னு குடுத்த வேலதான் அது, அதயே கடைக்கு கடை வச்சு சம்பாரிச்சாவ. உங்க பிள்ளைகளுக்கும் கை பழகட்டும். இதுல ஒரு கூத்து கண்டிப்பா நடக்கும். ஸ்கிரீன்ல படம் ஒவ்வொரு தடவ மாறுததும் ஒரு பிரேம், அப்பப்ப ஓடுத பிராசஸ் பங்ஷனுக்குள்ள ஒரு பிரேமுக்கு 5 பிக்சல் நகருன்னு எழுதிருப்பான். லேப் மானிட்டர்ல 60 பிரேம், செகண்டுக்கு 300 பிக்சல், பந்து அழகாப் போகும். ஒரு பயல் வீட்டுலேருந்து 144 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 144 பிரேம் காட்டுத லேப்டாப் கொண்டாந்து அதே கோட ஓட்டுவான், 720 பிக்சல், பந்து பறந்துரும், மட்டைய தூக்குததுக்குள்ள தோத்துருவான். சொல்லாதீங்க, செத்த நேரம் முழிக்க விடுங்க. அதுக்குப் பொறவு செகண்டுக்கு இவ்ளோ பிக்சல்னு வச்சு டெல்டாவால, அதாவது போன பிரேமுலேருந்து ஆன நேரத்தால, பெருக்குன்னு சொன்னா சாவுத வரைக்கும் மறக்க மாட்டான்.

மிச்ச வாரமெல்லாம் அவங்கவங்க சொந்த கேம், ரெண்டு மூணு பேரு ஒரு குழு, ஒரே ஸ்கிரீன், அதுக்கு மேல கேட்டா குடுக்காதீங்க. ஆன்லைன் மல்டிபிளேயர்னு ஒருத்தன் வருவான், பைய பேசி அனுப்பிருங்க. கடைசி வாரம் ஆண்ட்ராய்டுக்கு போடுதேன்னு அதுக்கு வேண்டிய எஸ்டிகே டூலுவளோட மல்லுக்கட்டாம, பிரவுசர்ல ஓடுத மாதிரி வெப் எக்ஸ்போர்ட் போட்டு இட்ச்ங்குத கேம் சைட்டுல ஏத்துங்க, அது ஓசி. பிளே ஸ்டோருக்கு 25 டாலர் கட்டணும், அது பொறவு பாத்துக்கிடலாம்.

கேள்வி: எம் மவன் இந்த கோர்ஸ நடத்துத பயலுவள்ல ஒருத்தன். இவனே அரியர் வச்சிருக்கான், இதுல அடுத்தவனுக்கு வாத்தியாரா? (ஒரு தகப்பனார், அம்பாசமுத்திரம்)

பதில்: அண்ணாச்சி, கோவம் நியாயந்தான். அரியர் பரீச்ச இருக்க வாரம் அவன் லேபுக்குப் போகாண்டாம், மத்த நாலு பேரு பாத்துக்கிடட்டும், அதுக்குத்தானே அஞ்சு பேரு. ஆனா நிப்பாட்டிராதீங்க. அடுத்தவனுக்குச் சொல்லிக்குடுக்கன்னு ராத்திரி உக்காந்து படிக்கான் பாருங்க, அந்தப் படிப்பு பரீச்சைக்குப் படிக்க மாட்டான். கலிபோர்னியாவுல பெர்க்லி யுனிவர்சிட்டில மாணவர்களே கோர்ஸ் நடத்துதாவ, டீகல்னு பேரு, மேல ஒரு புரொபசர் பொறுப்பு எடுத்துக்கிடுவாரு, கிரெடிட்டும் உண்டு. உங்க மவனுவளும் ஒரு சார பொறுப்புக்கு கேட்டு வாங்கட்டும், லேப்ல ஒரு மவுஸ் காணாமப் போனாலும் பதில் சொல்ல ஆளு வேணும்லா.

கேள்வி: எனக்கு கோடிங் வராது, படம் நல்லா வரைவேன். சேரலாமா? (தென்காசி மாணவி)

பதில்: தாராளமா வா தாயி. படம் வரையுத ஆளு இல்லாமத்தான் எல்லாக் குழுவும் சதுரத்தையும் வட்டத்தையும் வச்சு ஓட்டுதானுவ. ஆனா மொத மூணு வாரம் ஓசியா கெடைக்க கென்னி சைட்டு படங்கள வச்சு ஓட்டட்டும், நீ வரையுதத அதுக்குப் பொறவு போட்டாப் போதும். இல்லன்னா நீ ராப்பகலா வரஞ்ச புலிய டிசைன் மாறிப்போச்சுன்னு தூக்கிப் போட்டுருவானுவ, மனசு கஷ்டமாயிரும். சத்தமும் நீயே பிடிக்கலாம், போன் போதும். அதுக்காக நெல்லையப்பர் கோயில் இசைத்தூண தட்டி ரெக்கார்ட் பண்ணுதேன்னு போயிராத, வாட்ச்மேன் வெரட்டுவாரு. ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் எடுத்துக்கோ.